காலி எடை

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் ஓர் எடைமேடை இருந்தது, எடைமேடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் பூங்கொடி இருந்தாள், பூங்கொடி ஒரு பூனையைத் தத்தெடுத்துக்கொண்டு வந்தாள், சங்கதி இவ்வளவுதான். நம்புகிறவர்கள் உட்காரலாம். நம்பாதவர்களும் உட்காரலாம், யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை.

பூங்கொடியின் புருஷன் செங்கோடன் சொந்த லாரி ஓட்டினவன். போன தேருக்கு முந்தின தேர் முடிந்த கையோடு ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனான், கிளீனருக்குக் காய்ச்சல் என்று தனியாகவே போனான், நாக்பூர் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான், இறங்கிக் கதவைச் சாத்தினான், அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் யாரும் இல்லை. மூட்டை ஒன்று குறையவில்லை. தார்ப்பாயில் அவன் போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. தம்பி மயில்சாமி அலையாத ஆஸ்பத்திரி இல்லை, எட்டிப் பார்க்காத கிணறு இல்லை, அந்த ஊர் போலீசும் தங்களால் ஆனமட்டும் தேடிவிட்டுக் கையை விரித்தது. வண்டி மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

செத்தான் என்று அழுவதா, வருவான் என்று உலை வைப்பதா? பூங்கொடி உலை வைத்தாள். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு, தட்டத்தில் அவனுக்கென்று ஒரு பிடி சோறு. மாமியார் பாவாயியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெற்றவளே அழவில்லை, நான் எப்படி அழுவேன் என்று பூங்கொடி தன் அழுகையை விழுங்கிக்கொண்டாள். ஒரே கூரைக்குள் இரண்டு பெண்பிள்ளைகளும் அவன் பேரைச் சொல்லாமலே காலையில் எழுந்து பொழுதோடு படுத்தார்கள்.

செங்கோடன் ஒவ்வொரு நடையும் முடித்து வந்தால் குளிக்கமாட்டான், சாப்பிடமாட்டான், நேரே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்திருக்கிற பூங்கொடியின் மடியில் தலையைப் போட்டுவிடுவான். போட்டதும் தூக்கம். அவள் கால் மரத்துக் கட்டையாகிப் போகும், அசைக்கமாட்டாள். "எழுப்பியிருக்கலாமில்ல, ஏம்புள்ள இப்படிப் பண்றே?" என்று எழுந்ததும் அவன்தான் வைவான். அவன் போனபிறகு அவள் தரையில் உட்காருவதையே விட்டுவிட்டாள். சோறு தின்பது நின்றுகொண்டு, காய் நறுக்குவது நின்றுகொண்டு, எடைமேடைக் கூண்டில் மட்டும் ஓர் உயரமான ஸ்டூலின் நுனியில் தொற்றிக்கொண்டிருப்பாள், எந்த நேரமும் எழுந்து ஓடப்போகிறவள் மாதிரி.

மயில்சாமி பொல்லாதவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவன் மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. வாசலில் நின்று, தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"அண்ணி, அண்ணனுக்கு ஒரு முடிவு சொல்லாம நான் எப்படிப் பந்தக்கால் நடுவேன்? புல்லுல உருவம் பண்ணி எரிச்சு, காரியத்த முடிச்சுப்போடலாமுங்க. அண்ணனும் அந்தரத்துல நிக்காதில்ல."

"உசுரோட இருக்கிற மனுசனை எரிச்சதா ஆகிப்போச்சுன்னா?"

பாவாயி அடுப்படியில் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள், துலக்கின பாத்திரத்தையே மறுபடியும் துலக்கினாள். ஆடி கழியட்டும் என்று மயில்சாமி கிளம்பிப் போனான்.

அந்த ஆடியில்தான் பூங்கொடிக்குப் பூனை நினைப்பு வந்தது. வீட்டில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டால் தேவலை என்று இருந்தது. ஈரோட்டில் ரோஸ்லின் என்று ஓர் அம்மாள், பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் விட்ட பூனைகளை எடுத்துவந்து, யாராவது நல்லவர்கள் வந்து கேட்கும்வரை தன் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார் என்று லாரிக்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தாள். போனாள்.

"குட்டி வேணுமாம்மா, பெரிசு வேணுமா?" என்றார் ரோஸ்லின்.

"பெரிசுங்க. எங்கேயும் போகாததா ஒண்ணு வேணுமுங்க."

ரோஸ்லின் அவள் பொட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். தையல் மிஷின்மேல் ஒரு பூனை படுத்திருந்தது. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை, நாலு காலும் நாலு திசைக்கு. சுற்றிலும் குட்டிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அதன்மேலேயே ஏறி இறங்கின, அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"வர்றவங்க எல்லாம் குட்டியைத்தான் எடுத்துட்டுப் போறாங்க, இது இங்கேயே தங்கிப்போச்சு. ஓடாது, தாவாது, எலி வந்தாலும் வழி விடும். படுத்திருக்கும், அவ்வளவுதான்."

"பேருங்க?"

"நான் பேர் வைக்கிறதில்லம்மா. வச்சா அனுப்ப மனசு வராது."

ரோஸ்லின் குனிந்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூனையைத் தூக்கிக் கூடையில் வைத்தார். வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்தபடி நின்றார். பூங்கொடி கூடையை ஒரு கையில் எடுத்தாள், காய்கறிப் பையை எடுக்கிறமாதிரி.

"கனக்கலையாம்மா?"

"பூனைதானுங்களே."

ரோஸ்லின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒத்து வரலேன்னா திருப்பிக் கொண்டு வந்துடு, நான் தப்பா நினைக்கமாட்டேன். ஒத்து வந்தா ஒரு வார்த்தை சொல்லி, கூடையை மட்டும் அனுப்பு. வேற பூனைக்கு வேணும்."

வீட்டுக்கு வந்ததும் பாவாயி பூனையை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள். தான் எடைமேடைக்குப் போனபிறகு கிழவி அதைத் துரத்திவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, பூங்கொடி தினமும் கூடையோடு கூண்டுக்கே தூக்கிப்போனாள். அங்கே எடைச் சீட்டு அச்சாகிற மிஷின் சூடாக இருக்கும், பூனைக்கு அது போதும், அதன்மேல் படுத்துக்கொண்டது. உள்ளூர் டிரைவரும் வெளியூர் டிரைவரும் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தார்கள், கத்தினார்கள், சீட்டு சீக்கிரம் கொடு என்று கண்ணாடியைத் தட்டினார்கள். பூனை வாலைக்கூட நகர்த்தவில்லை. அது வந்து சில நாட்களிலேயே, அந்தக் கூண்டுக்கு முன்னால் கத்துவது அசிங்கம் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

ஒரு நாள் ராசு என்கிற டிரைவர், தன் சீட்டு பூனைக்கு அடியில் மாட்டிக்கொண்டதென்று, "ஏ ராசா, கொஞ்சம் நகரு" என்று அதைத் தூக்கினான். தூக்கினவன் இரண்டு காலும் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஊரே பார்க்க, வாய்விட்டு அழுதான்.

"எங்கப்பனுங்க அக்கா" என்றான். "ஆஸ்பத்திரியில கட்டில் மாத்தத் தூக்கினேனே, எலும்புந்தோலுமா, அதே எடைங்க. கொஞ்சம்கூடக் குறையலீங்க."

ராசுவுக்குப் பைத்தியம் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் அது எடையில் பிழைக்கிற ஊர். அங்கே டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டே லோடு எவ்வளவு என்று சொல்லுவான், மூட்டை தூக்குகிறவன் தோளில் வாங்கும்போதே கல் கலந்ததா என்று சொல்லுவான். கை சொன்னால் கை சொன்னதுதான், அதில் வாதம் கிடையாது. பஞ்சர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தூக்கினார். செத்துப்போன தங்கச்சியைத் திருவிழாவில் தோளில் தூக்கி வைத்திருந்த பாரம் அப்படியே இறங்கியது, அவர் பூனையைப் படுக்க வைத்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்று பொழுது சாய்வதற்குள் பைபாஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது: யாருக்கு யார் போய்விட்டார்களோ, அவர்களை ஒரு நாள் தாங்கின கைக்கு, அந்தப் பாரத்தைப் பூனை திருப்பிக் கொடுக்கும். ஏன், எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்தது என்று நனைந்துகொண்டே யார் கேட்பார்கள்?

கேட்கவில்லையே தவிர, ஒழுங்குமுறைகள் தானாக வந்துவிட்டன. கோபத்தோடு வந்து தூக்கக்கூடாது. குடித்துவிட்டுத் தூக்கக்கூடாது. சாவு நடந்து பச்சைப் புண்ணாக இருப்பவர்கள் உட்கார்ந்துகொண்டு வாங்க வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஒருத்தர் கையில் இருக்கும்போது இன்னொருத்தர் வாயைத் திறக்கக்கூடாது. பூனைக்கு லோடு என்று பேர் வைத்தார்கள், பேர் வைத்தது யார் என்று தெரியாது. டீக்கடைப் பொன்னுத்தாயி வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள். வடக்கே நடை கிளம்புகிறவர்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கூண்டுக்கு வந்து ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டே வண்டி ஏறினார்கள்.

மூன்று வயதுப் பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்த ஒருத்தி வந்தாள். தூக்கினாள், தோளில் போட்டாள், முதுகைத் தட்டிக்கொண்டே எடைமேடைமேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். எடை போட வந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, இஞ்சினை அணைத்தார்கள், ஒருத்தன் ஹாரன் அடிக்கவில்லை, வெயில் தாழ்ந்து அவளாக இறக்கி வைக்கும்வரை அந்தச் சாலை வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. பூனை அவள் தோளில் நன்றாகத் தூங்கியது.

லாரி புரோக்கர் ஒருத்தர் இருந்தார். பெண்டாட்டி செத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அவருக்கு மறு கல்யாணப் பேச்சு. அவருக்குப் பூனை பூனையாகவே இருந்தது போலிருக்கிறது, ஆனாலும் சனம் பார்க்கிறதே என்று தள்ளாடித் தள்ளாடித் தூக்கினார், முக்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூட்டை தூக்கியே வயிறு வளர்த்த சனத்திடம் பொய்ப் பாரம் செல்லுமா? "இன்னும் கொஞ்சம் முக்குங்க மாமா, அத்தை பாத்துட்டு இருக்குது" என்றான் ஒருவன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

லோடின் எடை என்னதான் என்று பார்த்துவிடலாமென்று ஒரு நாள் எடைமேடைமேலேயே பூனையைப் படுக்கவைத்தார்கள். லாரிக்கென்று கட்டின மேடை அது, பூனையை அது சட்டை செய்யுமா? திரையில் சுழியம் அசையவில்லை. வண்டியைக் காலியாக ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை எடை போட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. "அப்ப இதுக்குக் காலி எடை எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?" என்று ராசு கேட்டான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பூங்கொடி. "எனக்குத்தான் எப்பவும் காலியாவே இருக்குதே."

சொன்னபிறகுதான் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் கூடையை ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டு வருகிறாள், பூனையைச் சர்வசாதாரணமாக எடுத்து மிஷின்மேல் போடுகிறாள், ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை. பிறகு பஞ்சர் கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"அட சாமி! செங்கோடன் உசுரோட இருக்கான்!"

அன்று அங்கே நடந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பொன்னுத்தாயி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். வடக்கே போகிற வண்டிகள் எல்லாம் செங்கோடன் போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போயின, தாபா தாபாவாக நிறுத்தி விசாரித்தன. செய்தி கேட்டு மயில்சாமி புல் உருவப் பேச்சை விட்டான். பூங்கொடி அன்று வீட்டுக்கு ஓடிவந்து, "அத்தை, அவரு இருக்காருங்க" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். பாவாயி கையில் முறம் இருந்தது. முறத்தில் அரிசி இருந்தது. "இருக்கட்டும் கண்ணு" என்றாள், அரிசியைப் புடைத்தாள்.

ஆவணி போனது, புரட்டாசி போனது. போட்டோ கொண்டுபோன வண்டிகள் போட்டோவோடு திரும்பி வந்தன. எத்தனை நாளைக்குத்தான் சனம் சந்தோஷமாகவே இருக்கும்? பேச்சு மெல்லத் திசை மாறியது. ஒரு நாள் பால் வாங்கப் போன பூங்கொடியின் காதில், டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் பொன்னுத்தாயி யாரிடமோ சொன்னது விழுந்தது: "உசுரோட இருந்தா இத்தன நாள் ஒரு போன் வராதா? அவளுக்குக் கனக்கலைன்னா அதுக்கு வேற அர்த்தமும் இருக்குதில்ல. மனசுல பாரம் இருந்தாத்தானே கையில ஏறும்."

பூங்கொடி பாலை வாங்காமல் திரும்பினாள். அவன் மேல் எனக்கா பாரமில்லை? விழுங்கி விழுங்கி வைத்ததெல்லாம் பின்னே என்ன? அந்த வாரமே மயில்சாமியும் வந்தான். மாப்பிள்ளை வீட்டார் பொறுமை இழந்துவிட்டார்கள். "அண்ணி, நீங்க என்ன சொன்னாலும் சரிங்க. இருக்காருன்னா இருக்காரு, இல்லைன்னா இல்லை. ஆனா ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க" என்றான். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

ஊருக்கெல்லாம் செத்தவரைத் திருப்பிக் கொடுக்கிற பூனை, சோறு போடுகிறவளுக்கு உயிரோடும் தரவில்லை, பிணமாகவும் தரவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கூடையை எடுத்துத் தட்டினாள். பூனையை உள்ளே வைத்தாள், அது உள்ளேயும் நாலு காலை நாலு திசைக்குப் போட்டுக்கொண்டது. ஈரோட்டு பஸ்ஸைப் பிடிக்கலாமென்று வாசலுக்கு வந்தாள். வாசற்படியில் பாவாயி குறுக்கே நின்றாள்.

"எங்க கொண்டுபோறே?"

"அந்தம்மாகிட்டயே விட்டுட்டு வந்தர்றேனுங்க அத்தை. ஒத்து வரல."

"கொண்டுபோகாதே."

"உங்களுக்குத்தான் இது ஆகாதுங்களே."

கிழவி நகரவில்லை. நிலைப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"இதையும் கொண்டுபோயிட்டேன்னா, எம்பையனை நான் எங்க போயித் தூக்குவேன்?"

பூங்கொடியின் கையிலிருந்து கூடை தானாகக் கீழே இறங்கியது.

"எப்ப இருந்துங்க அத்தை?"

"வந்த அன்னிக்கே. நீ குளிக்கப் போயிருந்தே. கட்டில்ல ஏறிப் படுத்திருந்துது, எறக்கிவிடலாம்னு கையக் குடுத்தேன். பொறந்த அன்னிக்கு மருத்துவச்சி எங்கையில குடுத்தாளே, அதே எடை கண்ணு. அதே சூடு. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அவன் இல்லைன்னு. நீ குளிக்கப் போறப்பெல்லாம் தூக்கித் தூக்கி வச்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"உன்ற பொட்டைப் பாத்தேன். நீ வந்து, அவரு இருக்காருன்னு சிரிச்சே பாரு, அந்தச் சிரிப்பைப் பாத்தேன். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பூங்கொடி சுவரைப் பிடித்தாள், சுவர் தாங்கவில்லை, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். அவன் வடக்கே போனதற்கு அப்புறம் அவள் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலை மடக்கி, அந்தக் காலத்தில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

கூடைக்குள்ளிருந்து பூனை எழுந்தது. சோம்பல் முறித்தது, ஒரு பெரிய கொட்டாவி விட்டது, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. அது இந்த வீட்டில் யாரையும் தேடிப் போனதைப் பார்த்தவர் இல்லை. நேரே வந்து அவள் மடியில் ஏறிச் சாய்ந்தது.

எடை என்றால் தூக்கிப் பார்ப்பது என்றே பழகின சனம் அது. கை தூக்கும், தோள் தாங்கும், மேடை சொல்லும்; மடியில் வைத்துப் பார்க்கலாம் என்று அந்தப் பைபாஸில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பூங்கொடிக்கும் தோன்றவில்லை. புருஷனை எந்தப் பெண்டாட்டி தூக்கினாள்? அவள் தூக்கவே இல்லை அவனை. தாங்கினது ஒன்றே ஒன்றுதான்.

அது இப்போது மடியில் இருந்தது. ராத்திரி பகலாக வண்டி ஓட்டிவிட்டு வந்து, குளிக்காமல், சாப்பிடாமல் சாய்த்த தலை. இடது பக்கம் கொஞ்சம் அழுத்தும், அப்படியே அழுத்தியது. தூக்கம் ஏற ஏறக் கனம் கூடும், அப்படியே கூடியது.

பூங்கொடி வாயைத் திறந்தாள். விழுங்கி வைத்ததெல்லாம் சத்தமாக வெளியே வந்தது, தெருக்கோடி தாண்டி எடைமேடை வரைக்கும் கேட்டது. அங்கே நின்றிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக வண்டிக்குப் போய் இஞ்சினை அணைத்தார்கள். பொன்னுத்தாயி அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பாவாயி மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகன் போய் இத்தனை காலத்துக்கப்புறம் அவளும் அழுதாள்.

நேரம் போயிற்று. வாசலில் வெயில் நகர்ந்து சுவரில் ஏறியது. யாரோ மயில்சாமிக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள், அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வாசலிலேயே நின்றான். அவனைப் பார்த்துப் பூங்கொடி தலையை ஆட்டினாள். நல்ல நாள் பார், காரியத்தை முடித்துவிடலாம் என்று அர்த்தம், அவனுக்குப் புரிந்தது. திரும்பும்போது அந்தக் காலிக் கூடையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஈரோட்டில் ரோஸ்லின் அம்மாளிடம் கொடுத்துவிட வேண்டும், வேற பூனைக்கு ஆகும்.

விளக்கு வைக்கிற நேரம் ஆனது. பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மருமகள் இன்னும் அதே மடக்கில் உட்கார்ந்திருந்தாள்.

"கால் மரத்துப்போயிருக்கும் கண்ணு. எறக்கி விடு."

"இருக்கட்டுங்க அத்தை" என்றாள் பூங்கொடி, மெதுவாக, சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று. "இப்பத்தான் கண்ணசந்தாரு."